ஏணியின் கடைசிப் படியில் பொற்கொடி

3 பிப்ரவரி 2025, திங்கள்

இன்று 'ஏணி' தொடங்கியது. சுரங்கத்துக் கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் பராமரிப்புக் குழுவில் நான் பயிற்சி கொடுக்கிற பதினான்கு பேருக்காகச் செய்த போன் விளையாட்டு. வாரம் ஆறு பாதுகாப்புக் கேள்விகள், சரியான பதிலுக்கு ஒரு மார்க். அதிக மார்க் எடுத்தவர் பெயர் மேல்படியில் மின்னும். பதின்மூன்று வாரம் முடிந்ததும் முதல் மூவருக்கு கேபின் பயிற்சி. கேபினில் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டுகிற வேலை, மண்வெட்டியோடு கரி அள்ளுகிறவர்களுக்குச் சின்ன விஷயமா?

சென்னைப் பயிற்சி முகாமில் மூன்று நாள் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். போட்டி இருந்தால் ஆள் தானாகப் படிப்பான். நம்பித்தான் செய்திருக்கிறேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். வடலூர் வழியாக ஒரு பஸ்ஸும் நகரவில்லை. நேற்றே குழுவில் பாதிப் பேர் லீவு. ஆனாலும் பதினான்கு பேரின் பதிலும் வந்திருக்கிறது! என்ன ஆர்வம்!

3 மார்ச், திங்கள்

ஐந்து வாரம், ஐந்து வேறு வேறு ஆள் முதலிடம். மற்ற எல்லோரும் ஆறுக்கு ஐந்து. 'ஆரோக்கியமான போட்டி' என்று மேனேஜர் அய்யாசாமி சாருக்கு ரிப்போர்ட் அனுப்பினேன். 'வெரிகுட் அருள்மொழி' என்று பதில் வந்தது. அதை இரண்டு தடவை படித்தேன். மூன்று தடவை.

8 மார்ச், சனி

ரிப்போர்ட்டை இவரிடம் காட்டினேன். தோசையைப் பிய்த்தபடியே, "அதெப்படி எல்லாருக்கும் அஞ்சு? நம்ம வீட்ல மூணு பேரு சேந்து பரீட்சை எழுதுனாக்கூட ஒரே மார்க்கு வராதே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்றுதான் கோபம்.

10 மார்ச், திங்கள்

மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் பெல்ட் பக்கம் போனேன். ஓய்வுக் கொட்டகையில் சாக்கை விரித்து, பதினான்கு போன்களையும் வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவில் பொற்கொடி, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வருகிறவள். கேள்வியைச் சத்தமாகப் படிக்கிறாள், எல்லோரும் சண்டை போட்டு ஒரு பதிலுக்கு வருகிறார்கள், அவள் ஒவ்வொரு போனிலும் அமுக்குகிறாள். லீவில் போகிறவர்களும் போனைக் கொடுத்துவிட்டுத்தான் போவார்களாம். ஒரு போனைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வேண்டுமென்றே ஒரு தப்பு.

கத்திவிட்டேன். "இது ஏமாத்து வேலை இல்லையா? எனக்காகவா செய்றேன் நான் இதையெல்லாம்?"

பெரியண்ணன் எழுந்து நின்றார். குழுவில் மூத்தவர், வளையமாதேவிப் பக்கம். எழுதப் படிக்க வராது. "ஏமாத்தலீங்க மேடம். மொற வெச்சிக்கினு இருக்கோம். போர்ல தண்ணி மொற வெக்கிறாப்ல. பெல்ட்டோட தலைப்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சி வாரத்துக்கு ஒருத்தரு. ஒருத்தரே மேல போயிக்கினு இருந்தா மீதிப் பேரு அவரு மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

"அப்ப கேபின் பயிற்சி?"

"எல்லாருக்கும் ஒரே மார்க்கு வந்தா எல்லாரையும்தான கூப்புடணும்?"

திரும்பி வந்துவிட்டேன்.

11 மார்ச்

மேனேஜரிடம் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் போயாச்சு. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.

24 மார்ச்

சொல்லவில்லை.

16 ஏப்ரல், புதன்

அய்யாசாமி சார் கூப்பிட்டார். மே மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது குழுவில் ஓர் ஆளைக் குறைக்க வேண்டுமாம். "நமக்கெதுக்கு பொல்லாப்பு? உங்க ஏணியில யாரு கடைசியோ அவங்களை எடுத்துருவோம். மார்க்குதான் பேசும்."

பதின்மூன்று வாரம், பதினான்கு பேர். முறை கிடைக்காத ஒரு ஆள் யார்? வால்பக்கத்தில் நிற்கிறவள். அத்தனை பேருக்கும் பதில் அமுக்குகிறவள்.

பொற்கொடி.

17 ஏப்ரல்

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கடைசி வார முறை உனக்கு முந்தின இடத்தில் நிற்கிற இசைப்பிரியாவுக்கு, அதை நீ எடுத்துக்கொள் என்றேன்.

"அப்ப இசைப்பிரியா கடைசியா போவுமே மேடம். அதுக்கு மட்டும் வேல வேணாமா?"

வீட்டுக்காரர் படுத்த படுக்கை, இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

28 ஏப்ரல், திங்கள்

முடிந்தது. பதின்மூன்று பேருக்கு அறுபத்தாறு. பொற்கொடிக்கு அறுபத்தைந்து.

கணினி என் கையில்தான் இருக்கிறது. ஒரு மார்க் ஏற்றினால் போதும், யாருக்குத் தெரியும்? அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்றினால் பதினான்கு பேரும் சமம். அப்புறம் சார் வேறு ஏதாவது கணக்கில் ஒருவரைத் தூக்குவார், இந்த ஏணியும் அப்படியே நிற்கும். என் பெயரும் கெடாது. அந்தக் கடைசி வரிதான் என்னைத் தின்றது.

மூடிவிட்டேன்.

2 மே, வெள்ளி

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

"அப்போ இத்தனை நாளா எனக்கு அனுப்புன ரிப்போர்ட்டெல்லாம்?"

"மார்ச் பத்து வரைக்கும் எனக்கே தெரியாது சார். அதுக்கப்புறம் தெரிஞ்சே அனுப்புனேன்."

மெமோ வரும் என்றார். வரட்டும். "சார், பட்டியல்ல கடைசியா இருக்கிறவங்கதான் பதினாலு பேருக்கும் வாத்தியார். ஒரே ஒரு தடவை கொட்டகைக்கு வாங்க. போன் இல்லாம கேளுங்க" என்றேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். அழுதுவிட்டேன்.

5 மே, திங்கள்

வந்தார். வேண்டுமென்றே பெரியண்ணனைப் பிடித்தார். "பெல்ட் நின்னுருச்சு. உருளைக்கு அடியில கரி அள்ளலாமா?"

"நின்னா மட்டும் பத்தாதுங்க. சுவிச்சுக்குப் பூட்டு போட்டு சாவி நம்ம இடுப்புல இருக்கணும். பொற்கொடி படிச்சப்ப நான் கூடாதுன்னேன், இவங்க ஆவும்ன்னாங்க. ஒரு மணி நேரம் சண்ட."

இன்னும் நான்கு பேரைக் கேட்டார். நான்கும் சரி. அந்தச் சண்டையில்தான் எல்லோரும் படித்திருக்கிறார்கள். நான் செய்த ஏணியில் இல்லை, அதைச் சுற்றி அவர்கள் போட்ட சத்தத்தில்.

சார் கிளம்பும்போது பொற்கொடி வாய் திறந்தாள். "ஒண்ணு மட்டும் கேள்வில வரவே இல்லீங்க சார். ஒம்போதாவது எடத்துல அவசரக் கயிறு தொங்கிப்போயி கெடக்குது. ரெண்டு மூணு தபா இழுத்தாதான் பெல்ட்டு நிக்கிது."

"ஏன் இவ்ளோ நாளா சொல்லல?"

"யாரும் கேக்கலீங்களே."

சார் என்னைப் பார்த்தார். நான் கொட்டகைக் கூரையைப் பார்த்தேன். எழுபத்தெட்டுக் கேள்வி எழுதியிருக்கிறேன், இந்த ஒன்றைக் கேட்கவில்லை.

12 மே

மெமோ வந்தது. ஏணிப் பட்டியலைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆள் குறைக்க முடியாது என்று சார் மேலே எழுதிவிட்டார், பதினான்கு பேருக்கும் கான்ட்ராக்ட் புதுப்பித்தாகிவிட்டது. கேபின் பயிற்சி முறை வைத்து, இந்தத் தடவை வால்பக்கத்திலிருந்து. அதைச் சொன்னது பெரியண்ணன். சார் தலையாட்டினார்.

16 ஜூன், திங்கள்

புது விளையாட்டில் மார்க் இல்லை, மேல்படி இல்லை. வாரம் ஒருவர் பெல்ட் பக்கத்தில் ஓரிடத்தில் நிற்க வேண்டும், மற்றவர்கள் அங்கே என்னென்ன நடக்கலாம் என்று கேட்டுக் குடைவார்கள். விதியெல்லாம் அவர்கள் வைத்ததுதான்.

இன்று போனதும், "இந்த வாரம் உங்க மொற மேடம்" என்றாள் இசைப்பிரியா. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்கள். ஒன்பதாம் இடம். பராமரிப்பு முடிந்து பெல்ட் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. "இழுங்க" என்றார் பெரியண்ணன். இழுத்தேன். ஒரே இழுப்பில் நின்றது.

கம்பத்துப் போன் அடித்தது. கேபினிலிருந்து பொற்கொடி. "யாருங்க கயிறு இழுத்தது? பேரு சொல்லுங்க."

"நான்தான்... அருள்மொழி."

"எடம்?"

"ஒன்பது."

"எதுக்கு இழுத்தீங்க?"

எதுக்கு? பதினான்கு பேருக்குப் பயிற்சி கொடுக்கிறவள் நான், காரணம் ஒன்று கூட வாயில் வரவில்லை. பின்னால் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பதறாதீங்க. நல்லா சுத்திப் பாத்துட்டே சொல்லுங்க மேடம்" என்றாள். "நீங்க சொல்ற வரிக்கும் நான் பெல்ட்ட ஓட்ட மாட்டேன்."