சிலேட்டில் வரைந்த ஊர்

பெங்களூர்
14.3.1991

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷெர்லின் எழுதுவது. கர்த்தர் கிருபையில் சுகமாயிருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் அந்த உடைந்த நாற்காலியை இன்னும் மாற்றித் தரவில்லையா?

‘பொழுதன்னிக்கும் கம்ப்யூட்டரு முன்னால குந்திக்கினு இன்னாதான் பண்றே’ என்று அம்மா கேட்டு எழுதச் சொன்னார்களாம். சொல்கிறேன். கம்பெனி மீட்டிங்குகளில் கண்ணாடித்தாளில் எழுதி, விளக்குப் பெட்டியில் வைத்துச் சுவரில் காட்டுவார்கள் அல்லவா? அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரிலேயே தயாரித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் காட்டுவதற்கு ஒரு புரோகிராம் எழுதுகிறோம். மொத்தமே ஐந்து பேர். விற்கும் பெயரை இன்னும் வைக்கவில்லை. எங்களுக்குள் ‘சிலேட்டு’ என்கிறோம். போன வருடம் அதில் எழுத்து மட்டும்தான் வந்தது. பொங்கலுக்குப் பிறகு கட்டமும் வட்டமும் போட வந்தன. இப்போது அம்புக்குறி. அது என் பொறுப்பு.

ஒவ்வொரு முறை திருத்தியதும் ஏதாவது வரைந்து பார்க்க வேண்டும். நான் நம் ஊரையே வரைகிறேன். மெட்ராஸ் ரோடு, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு, கோயில், குளம், பக்கத்து மைதானம், பென்னலூரில் நம் வீடு. வீட்டிலிருந்து மைதானத்துக்கு ஓர் அம்பு போட்டு, அதன்மேல் தம்பி பெயரைப் பிரசன்னா என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். பந்தாட்டம் என்றால் அவன் கால் வேறு எங்கே போகும்? அச்சடித்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தம்பியிடம் கொடுங்கள்.

அன்பு மகள்
ஷெர்லின்

*

பென்னலூர்
2.4.1991

அன்பு மகள் ஷெர்லினுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

கடிதமும் படமும் கிடைத்தன. பிரசன்னா அதைத் தன் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எங்க அக்கா கம்ப்யூட்டர்லயே போட்டது” என்று பெருமை. உன் அம்மா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “இம்மாம் பெரிய வூட்டை இத்தினூண்டு பொட்டியா போட்டுக்கீறாளே” என்று குறைபட்டுக்கொண்டாள். அடுத்த முறை கொஞ்சம் பெரிதாகப் போடு.

தம்பிக்குப் பாலிடெக்னிக் பரீட்சை முடிகிறது. தேர்தல் கூட்டங்களுக்கு ஒயர் இழுக்க மைக்செட் கடை மண்ணாங்கட்டியோடு போகிறான். நான் தடுக்கவில்லை. வேலை கற்றுக்கொள்கிறான் அல்லவா?

அந்தக் கோடை வெயிலிலும் வேளைக்குச் சாப்பிடு. ஈஸ்டருக்குத்தான் வரவில்லை, கடிதமாவது கொஞ்சம் நீளமாக எழுதக்கூடாதா?

உன் அப்பா
சின்னப்பையன்

*

பென்னலூர்
29.5.1991

ஷெர்லின்,

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

இருபத்தொன்றாம் தேதி நம் ஊர் மைதானத்துக் கூட்டத்தில் குண்டு வெடித்ததைப் பேப்பரில் படித்திருப்பாய். பிரசன்னா உயிரோடு இருக்கிறான். முதலில் அதைத் தெரிந்துகொள். மைக்செட் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன், அதனால் தப்பினான். மண்ணாங்கட்டிக்குக் காது கேட்காமல் போய்விட்டது. தம்பி வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் ரத்தம். அது அவன் ரத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் புறப்படும் நேரத்தில், ஜீப்பில் போலீஸ் வந்தார்கள். அன்று மைதானத்தில் வேலை செய்த எல்லோரையும் விசாரிக்கிறார்களாம். மரியாதையாகத்தான் பேசினார்கள். அப்புறம் ஒருவர் கண் சுவருக்குப் போனது.

“இது இன்னா படம்?” என்றார்.

மைதானம். நம் வீடு. அம்பு. தம்பியின் பெயர். அதுவரை எனக்கு அது படமாகத்தான் தெரிந்தது, ஷெர்லின். அவர் விரல் வைத்துக் காட்டியதும்தான், தம்பிக்கு மைதானத்துக்கு வழி காட்டும் திட்டமாக அது தெரிந்தது.

“யார் போட்டது?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, “நான்தான் சார் போட்டேன்” என்று சொல்லிவிட்டான். எந்தக் கம்ப்யூட்டரில் என்று கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தான். படத்தையும் அவனையும் கொண்டுபோய்விட்டார்கள். மெட்ராஸில் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

தெருவில் யாரும் எங்களோடு பேசுவதில்லை. ஆபீசில் என்னை லீவு போடச் சொல்லிவிட்டார்கள். உன் அம்மா ஜன்னலைத் திறப்பதே இல்லை.

உன் பெயரை நான் சொல்லவில்லை. தம்பியும் சொல்லமாட்டான். நீ வராதே. ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டேன். இன்னொன்றைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அப்பா

*

பெங்களூர்
4.6.1991

அப்பா,

கடிதத்தைக் கிழிக்க முடியவில்லை.

முதலாளி சுப்பராயனிடம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “ஷெர்லின், கம்பெனி பேரு வெளியே வந்தா நாம அஞ்சு பேரும் தெருவுலதான். அந்த மேப் இருக்கிற ஃப்ளாப்பி எல்லாத்தையும் இன்னைக்கே அழிச்சிடு” என்றார். அவர் கெட்டவர் இல்லை அப்பா. அவர் உதடும் என் உதடு மாதிரியே காய்ந்திருந்தது. இங்கே வீட்டுக்காரம்மா, நான் எந்த ஊர் என்று புதிதாக இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். காஞ்சிபுரம் பக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அழிப்பதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முதல் படத்தில் ரோடு படிக்கட்டு மாதிரி இருக்கிறது. குளம் கோழிமுட்டை மாதிரி. அம்பே இல்லை. ஒவ்வொரு படத்திலும் சிலேட்டு கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. யாராவது சதி செய்யப் படம் போட்டால் பேனாவால் ஒரே தடவையில் போடுவார்கள். மாதக்கணக்கில் குளத்தை உருண்டையாக்கிக்கொண்டு இருப்பார்களா?

இதைப் போலீசிடம் காட்டினால் புரியும் என்று நினைக்கிறேன். புரியாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

தம்பி எனக்காகப் பொய் சொன்னான். நான் வராமல் எப்படி? வக்கீல் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். நேரே மெட்ராஸ் போகிறேன். நீங்கள் வாசலுக்குக்கூட வரவேண்டாம். எனக்கு ஏதாவது ஆனாலும் நீங்கள் அம்மாவோடு இருக்க வேண்டும்.

ஷெர்லின்

*

பெங்களூர்
17.6.1991

அன்புள்ள அப்பாவுக்கு,

திரும்பி வந்துவிட்டேன். அவர்கள் உடனே பெங்களூருக்கே திரும்பிப் போகச் சொன்னதால் வீட்டுக்கு வரமுடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வக்கீலை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே மூன்று அதிகாரிகள். ஒரு மேஜையில் கம்ப்யூட்டர். சிலேட்டை நாங்கள் இதுவரை வெளியாட்கள் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. முதல் பார்வையாளர்கள் இவர்கள்தான்.

பழைய படத்திலிருந்து தொடங்கினேன். இதில் சாய்ந்த கோடு வராது சார், இதில் வட்டம் நசுங்கும் சார், என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினேன். நடுவில் ஒரு படத்தில் அம்பு மைதானத்திலிருந்து நம் வீட்டைப் பார்க்கும். மூவரில் பெரியவர் முன்னால் சாய்ந்தார்.

“இது ஏம்மா வூட்டைக் காட்டுது?”

“அது தப்பு சார். எந்தப் பக்கம் இழுத்தாலும் அம்பு இடது பக்கமே பார்த்தது. அதைச் சரிசெய்ய எனக்கு மூணு வாரம் ஆச்சு.”

“உன் தம்பி பேர எதுக்குப் போட்டே?”

“கோட்டுமேல எழுத்து நிக்குதான்னு பார்க்க சார். மனசுல வந்த பேர் அதுதான்.”

சின்னவயது அதிகாரி ஒருவர், “எல்லாம் ரெடி பண்ணி எடுத்துக்கினு வந்துக்கீறா. எங்க எதிர்ல புதுசா ஒண்ணு போடட்டும். இந்த ரூமையே போடு” என்றார்.

போட்டேன். நான்கு சுவர், மேஜை, கதவு. அவர்களுக்கு மூன்று நாற்காலி. பெரியவர் எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றார். நான் வரைந்த சுவருக்கு அந்தப் பக்கம், வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க ஒரு பொட்டி போடு. உன் தம்பி அங்கதான் கீறான்.”

அப்பா, ஒரு செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருந்திருக்கிறான். அத்தனை நேரமும் ஒரு சத்தம்கூட வரவில்லை. நான் பெட்டியைப் போட்டேன். “பேரு எழுது” என்றார். எழுத என் விரல் வரவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன்.

சிலேட்டையும் எல்லா ஃப்ளாப்பிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். “பார்த்துச் சொல்றோம். நீ போ” என்றார்கள். அவர்கள் நம்பினார்களா இல்லையா என்று அந்த முகங்களிலிருந்து எனக்குத் தெரியவில்லை. தம்பி வந்தானா? இரண்டே வரி எழுதிப் போடுங்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே படியிறங்கி ஓடுகிறேன்.

ஷெர்லின்

*

பென்னலூர்
8.7.1991

அன்பு மகளுக்கு,

தம்பி வந்துவிட்டான். போன வாரம் அவர்களே பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மறுபடி வந்து கூட்டிப்போய்விடுவார்களோ என்று பயந்து, வந்துவிட்டான் என்று எழுதவே கை வரவில்லை.

இளைத்திருக்கிறான். சாப்பிடுகிறான். அங்கே என்ன நடந்தது என்று சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. யாராவது கதவைத் தட்டினால் எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்கிறான். பால்காரியிடம் இனிமேல் தட்டாதே, வாசலில் வைத்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறோம். உன்னைப் பற்றி ஒரே ஒரு நாள் பேசினான். “அக்கா அளுத சத்தம் கேட்டுச்சுப்பா. அதுக்கப்புறந்தான் நான் அளுதேன்” என்றான்.

நேற்று மறுபடி ஜீப் வந்தது. உன் அம்மா அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். நீ சொன்ன அந்தப் பெரிய அதிகாரிதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். “பெரியவரே, உங்க பொண்ணு காட்டுச்சே, அது மாதிரி எங்க மேலதிகாரிங்களுக்குக் கேஸைப் போட்டுக் காட்டணும். எங்க ஆளுங்களுக்கு வரல. பொண்ணு கொஞ்ச நாள் வந்து செஞ்சு குடுக்குமா? பயப்படத் தேவையில்ல” என்றார்.

பயப்படத் தேவையில்லையாம். கொல்லைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது.

“என் மக அந்த வேலைய வுட்டுட்டா சார். இப்ப கம்ப்யூட்டரே தொடறதில்ல” என்று சொல்லிவிட்டேன். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். போலீசிடம் பொய் சொல்லியிருக்கிறேன். உன் கம்பெனிக்கு ஆள் அனுப்பிப் பார்த்தால் என்ன செய்வது? நீ அங்கே கஷ்டப்பட்டு வளர்த்த வேலை. விட்டுவிடு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்யலாம், எழுது.

அப்பா

*

பெங்களூர்
15.7.1991

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னது பொய் இல்லை. சிலேட்டைப் போலீசில் காட்டியதற்காக முதலாளி ஜூன் கடைசியிலேயே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். உங்களுக்கு இன்னொரு கவலை வேண்டாம் என்றுதான் எழுதவில்லை. சிலேட்டுக்கு வேறு பெயர் வைத்து அடுத்த மாதம் விற்பனைக்குக் கொண்டுவருகிறார்கள். நன்றாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதை எழுதியவர்களின் பெயர்கள் வரும் பக்கத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுதான் பொய்.

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன். தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் கதவைத் தட்டமாட்டேன். தெருவிலிருந்தே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

உங்கள் மகள்
ஷெர்லின்