ஊற்றிலிருந்து எத்தனை அடி

லாரல் கணவாய், வட கரோலினா
1937 ஏப்ரல் 12, திங்கள்

அன்புள்ள வில்பர்னுக்கு,

லூடி எழுதுவது. பையன்கள் இருவரும் நலம். சுரங்கத்தில் உங்களுக்கு அந்த இருமல் குறைந்ததா?

அரசாங்கத்தின் மலைச்சாலை நம் சரிவுக்கு வந்துவிட்டது. நாம் விற்ற மேட்டில் மேசையும் கல்லடுப்பும் வைத்துப் பூங்கா ஆக்குகிறார்கள். பட்டணத்துக்காரர்கள் காரை நிறுத்தி, பொரித்த கோழியைக் கடித்துக்கொண்டு மலையைப் பார்ப்பார்களாம். இத்தனை வருஷம் நாமும்தான் பார்த்தோம், நமக்கு யார் மேசை போட்டார்கள்?

கோபிக்காமல் படியுங்கள். நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். நில அளவைக்காரர் வந்தபோது அந்த மேட்டில் கல்லறை உண்டா என்று கேட்டார். உண்டென்றால் தோண்டி எடுத்து வேறெங்கோ கொண்டுபோய்விடுவார்கள் என்று பக்கத்து வீட்டு வெர்டி சொல்லியிருந்தாள். பயத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன். நம் மகள் டெசியின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருந்தது பெயர் எழுதாத வெறுங்கல்தானே, அவருக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்ன குடும்பங்களின் கல்லறைகளுக்கு வேலி போட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். அது இப்போதுதான் தெரிகிறது.

போன வாரம் காய்ச்சலில் மூன்று நாள் மேட்டுக்குப் போகவில்லை. அதற்குள் கொத்தர்கள் அடுப்புக் கட்ட அங்கிருந்த கல்லையெல்லாம் பொறுக்கிக் குவித்துவிட்டார்கள். அவள் தலைமாட்டில் பட்டுப்போய் நின்ற செஸ்ட்நட் மரத்தையும் வேரோடு பிடுங்கி மண்ணை நிரவிவிட்டார்கள். ஆறு வருஷமாகக் கல்லைப் பார்த்தே போனவள் நான். இன்று எங்கே மண்டியிடுவது என்று தெரியாமல் நின்றேன்.

மேஸ்திரி பிரிச்சர்டிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றிவிட்டார். "இடத்தைக் காட்டுங்கம்மா, நானே வேலி போட்டுத் தரேன். காட்டலேன்னா மேடு முழுக்க எப்படி விட்டுவைக்கிறது? அடுத்த திங்கக்கிழமை அடுப்புக்குக் குழி வெட்டியாகணும்" என்றார்.

மரம் நோயில் விழுந்த வருஷம், அது போனாலும் இடம் தெரியவேண்டும் என்று ஊற்றிலிருந்து அவள் இடம்வரை நீங்கள் காலடி எண்ணி அளந்தீர்கள். எத்தனை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் போனது நிஜமாகிவிடும் என்று பயம். அந்தக் கணக்கு இப்போது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் வர லீவு கிடைக்காவிட்டால் எத்தனை அடி, எந்தத் திசை என்றாவது உடனே எழுதுங்கள். உங்கள் கால்வீச்சு எனக்குத் தெரியும், அப்படியே நடந்து பார்க்கிறேன். ஆனால் என் காலை நான் நம்பவில்லை. ராத்தூக்கமும் இல்லை.

ஆண்டவர் உங்களைப் பூமிக்குள்ளும் காக்கட்டும். வந்துவிடுங்கள், வில்பர்ன். நம் பிள்ளைமேல் அடுப்பு மூட்ட விடாதீர்கள்.

உங்கள்
லூடி