சூடு காட்டாத மல்லாட்டை

இன்று காலை ஆய்வக ஃப்ரிட்ஜைத் திறந்ததும் பச்சை வேர்க்கடலைப் பாலின் வாசம். மூன்று வாரமாக நிற்கும் பாட்டில். மேலே படிந்திருந்த பாலாடை குலுக்கியதும் கலந்துவிட்டது. ஒரு சொட்டு எண்ணெய் பிரியவில்லை. நீ ஜெயித்துவிட்டாய்டி. முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும், நீதான் இல்லை.

விதைக்குள் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத சொட்டுகளாக இருக்கிறது, ஒவ்வொரு சொட்டையும் ஒரு புரதம் போர்த்தியிருப்பதால் அவை ஒன்றுசேர்வதில்லை என்பாய். அந்தப் போர்வை கிழியாமல் எடுத்தால் ரசாயனம் சேர்க்காமலே கிரீம் செய்யலாம் என்று நீ சொன்னபோது துறைத்தலைவர் சிரித்தார். "எண்ணெயும் தண்ணியும் சும்மா சேருமாம்மா? ஆறு மாசத்துல காட்டுங்க, இல்லன்னா விட்டுடுங்க."

நம்மால் காட்ட முடியவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் அம்மா கொடுத்தனுப்பும் வேர்க்கடலையை, உங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையைத்தான் ஊறவைத்து அரைப்போம். மறுநாளே எண்ணெய் மிதக்கும். நான் மிக்ஸியைத் திட்டுவேன், கிரிவலப் பௌர்ணமிக் கூட்டத்தில் மல்லாட்டை வரும் வேன் தாமதமானதைத் திட்டுவேன். நீ மட்டும், "புரதம் ஏமாத்தாதுடி, நாமதான் ஏதோ தப்பு பண்றோம்" என்பாய். பிறகு காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாய். உன் கடைசி பாட்டிலிலும் எண்ணெய் மிதந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

உன் காரியத்தன்று உன் அம்மா என்னிடம் ஒரு பை நீட்டினார். "எப்பவும் போல சட்டியில லேசா சூடு காட்டித்தாம்மா வெச்சிருக்கேன். பச்சையா குடுத்தனுப்பினா நல்லாவா இருக்கும்?"

பையில் கைவிட்டு ஒரு கடலையை எடுத்துப் பார்த்தேன். தோல் நிறம்கூட மாறாத சூடு, அதிலேயே புரதப் போர்வை கிழிந்துபோயிருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம் என்பதால் உன் கண்ணில் படவில்லை. எனக்கோ கேட்கத் தோன்றவில்லை.

"இந்த வாட்டி ஒரு படி பச்சையா குடுங்கம்மா" என்றேன். முகம் சுளித்துக்கொண்டே அளந்து போட்டார். ஏன் என்று நான் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன்.

அந்த ஒரு படியில் வந்ததுதான் இந்தப் பாட்டில். துறைத்தலைவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், குலுக்கினார், மறுபடி பார்த்தார். "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்" என்றார். அவர் முன்னாலேயே அழுதேன், சிரித்துக்கொண்டே.

இப்போதெல்லாம் யார் எதைக் கொடுத்தாலும், "இதை என்ன பண்ணி எடுத்தாந்தீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். மத்தியானம் கீழ்பென்னாத்தூர் பஸ் பிடித்து, அந்தப் பாலில் செய்த முதல் கிரீமை உன் அம்மாவின் கையில் தடவினேன். வெகுநேரம் தேய்த்துப் பார்த்தார்.

"என் பொண்ணு பண்ணதா?"

"ஆமாம்மா. அவதான் பண்ணா."