ஆட்டு ரத்தம் சிவப்பாவே இருக்கு

நிலாத் தென்முனை நீர் நிலையம்
பதிவு: ஜெபசெல்வி, நுண்ணுயிர்ப் பிரிவு

திங்கள், காலை 8.00

தண்ணித் தொட்டி வடிகட்டியைக் கழுவினேன். உள்ளே சளி மாதிரி வழவழன்னு, நாத்தமடிக்கிற ஒரு படலம். சீ! ரெண்டு கையுறை போட்டும் தொட மனசு வரல. வழக்கம்போல ஆட்டு ரத்தத் தட்டுல தடவிப் பார்த்தேன். ரத்தம் கரையல, சிவப்பு அப்படியே நிக்குது. விஷம் இல்லைன்னு எழுதி கையெழுத்துப் போட்டாச்சு.

இங்க நாங்க ரெண்டே பேர். இன்ஜினியர் வேதநாயகம் அண்ணனுக்குத் தயிர் இல்லாம சோறு இறங்காது. காய்ச்சாத தொட்டித் தண்ணியில பால்பொடியைக் கரைச்சு, முந்தின நாள் தயிரை விட்டு உறை ஊத்துவார். இன்னைக்குக் கரண்டியில நூல் நூலா இழுத்துச்சு. புளிக்கலை, அது போதும்னு வழிச்சு நக்கினார். எனக்குத் தயிர் வாடையே ஆகாது. எழுந்து போயிட்டேன்.

போன வாரம் பூமிக்குக் கிளம்பின கப்பல் பைலட் இருதயராஜுக்கும் ஒரு டப்பா உறைமோர் கொடுத்து விட்டிருக்கார். ஊருக்குப் போற பையனை வெறுங்கையோட அனுப்பக் கூடாதாம். அதுக்கும் நான்தான் ஆட்டு ரத்தச் சோதனை பண்ணி சான்றிதழ் கொடுத்தேன்.

செவ்வாய், மாலை 6.15

அண்ணனுக்குக் காய்ச்சல். கண்ணு மஞ்சள். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துல போகுது. ரத்த அணு உடையுது. இருப்புல இருந்த மனுஷ ரத்தத்தை ஏத்தினேன், அதுவும் உடையுது. என்ன கருமம் இது?

புதன், காலை 9.30

தயிர்ச் சட்டியைத் திறந்தேன். வடிகட்டியில பார்த்த அதே சளி, அதே நாத்தம். கொஞ்சம் எடுத்துக்கிட்டுச் சட்டியை மூடிட்டேன்.

அந்தச் சளியில ஒரு துளியை ஆட்டு ரத்தத்துல விட்டேன். ஒண்ணும் ஆகல. விரலைக் குத்தி, ஒரு துளி என் ரத்தத்துல. பார்த்துக்கிட்டே இருக்கேன், அணுவெல்லாம் உடைஞ்சு கரைஞ்சு போச்சு.

சளியில விஷம் இருக்கு, ஆனா அது கண்ட அணுவுல ஒட்டாது. நம்ம அணுத்தோல் மேல ஒரு புரதம் உண்டு. நம்ம எதிர்ப்பு சக்தி நம்ம அணுவையே ஓட்டை போட்டுடாம தடுக்கிற காவல்காரன். இந்த விஷம் தேடி வர்றதே அவனைத்தான். அவன் கையைப் பிடிச்சு ஒட்டிக்கிது. இன்னும் பல வந்து வட்டமாக் கூடி ஓட்டை போடுது. ஆட்டோட காவல்காரன் வேற ஆள், அவனை இதுக்கு அடையாளம் தெரியாது. மனுஷனை மட்டும் தெரியும். தூ, எவ்வளவு கேவலம்!

இதைப் படிக்கிறவர் யாரா இருந்தாலும், உங்க ரத்தத்துல போட்டுப் பாருங்க.

புதன், பகல் 3.00

அண்ணன் போயிட்டார். என்னால ஒண்ணும் பண்ண முடியல. கிட்ட உக்காந்து அழலாம்னா அந்த வாடை விடல.

ஐயோ, டப்பா.

"இருதயராஜ், டப்பாவைத் திறக்காதே. எரிச்சுடு." அனுப்பினேன். ஆன்டெனா திணறுது. போய்ச் சேர்ந்துதான்னு தெரியல.

வியாழன், பகல் 12.40

இப்பதான் இருதயராஜ்கிட்ட இருந்து ஒரு சேதி வந்துது. நான் அனுப்பினதைக் கேட்காமலே பேசியிருக்கான்.

"செல்வியக்கா, பத்திரமா இறங்கியாச்சு. டப்பாவைச் சோதனைக்காரங்க பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. உங்க சான்றிதழைக் காட்டினேன், உடனே விட்டுட்டாங்க. இந்தத் தளத்துக் கேன்டீன் மாஸ்டர் நம்ம ஊர்க்காரர்க்கா, நேத்தே பெரிய அண்டாவுல உறை ஊத்திட்டார். நிலாத் தயிர்னு எல்லாரும் தட்டோட நிக்கறாங்க. நூல் நூலா வருதாம், அப்படி ஒரு கெட்டியாம். அண்ணன்கிட்ட சொல்லுங்க."

கூப்பிடறேன். திரும்பத் திரும்பக் கூப்பிடறேன். யாரும் எடுக்கல.

அங்க இப்ப சாப்பாட்டு நேரம்