முதல் பெஞ்சின் ஜெபம்

என் செல்ல மகளுக்கு,

அப்பா நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். விமான டிக்கெட் கிடைப்பதற்குள் அங்கே அம்மாவின் அடக்கம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இப்போது வேண்டாம். ஊழியம் ஊழியம் என்று கடல் கடந்து போன கல்நெஞ்சுக்காரன் என்று உன் சித்தி திட்டினாளாமே. திட்டட்டும்.

இந்த மிஷன் பள்ளியில் பாடம் தொடங்குமுன் தினமும் ஒரு பெஞ்சுப் பிள்ளைகள் தங்கள் பாஷையில் ஜெபம் செய்வார்கள். கேட்டது கிடைக்கும்வரை விடாமல் கேட்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம்தான். கணக்குப் பரீட்சையே வரக்கூடாது என்று ஒருத்தி மாதக்கணக்கில் ஆண்டவரைப் பிடித்து உலுக்குகிறாள்.

அம்மா நோயாகக் கட்டிலில் படுத்ததிலிருந்து எல்லா பெஞ்சும் அவளுக்காகக் கேட்கிறது. நீ போனில் அழுத மறுநாள் பிள்ளைகளிடம் சொல்லிவிடத்தான் வகுப்புக்குப் போனேன். அதற்குள் முதல் பெஞ்சுக்காரி எழுந்து கண்ணை மூடிவிட்டாள்.

"ஆண்டவரே, எங்க சார் வீட்டம்மா சீக்கிரமா எழுந்து நடக்கணும். சார் ரொம்ப இளைச்சுட்டாரு."

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நேற்று அவளே என்னிடம் வந்து நின்றாள். "சார், நாங்க சரியா கேக்கலையா?"

"சரியாத்தாம்மா கேக்குறீங்க" என்றேன்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். தினமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போகிறேன். ஆனால் அவர்கள் கேட்டு முடித்து, நான் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கிறவரைக்கும், மகளே, உன் அம்மா அந்தக் கட்டிலில்தான் படுத்திருக்கிறாள்.

உன் அப்பா