சேலைக்கடைத் தொலைபேசியில் உன் குரல்

இன்று காலை என் கைபேசியில் ஒரு பெண் குரல் பேசியது. பேத்தியின் தடுப்பூசி நாள் நெருங்கிவிட்டதாம். பதிவு செய்து வைத்த குரல்தான். இருந்தும் என் வாய் தன்னால், "சரிம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டது. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போன பிறகு இப்படி யாரும் எனக்கு நினைவுபடுத்திக் கூப்பிட்டதில்லை.

தொண்ணூறுகளில் தி.நகரில் எங்கள் சேலைக்கடைக்கு எதிரே இருந்த குழந்தை மருத்துவரிடம் நீ வரவேற்பில் இருந்தாய். சைதாப்பேட்டையிலிருந்து ரயிலில் வருவாய். மழை பெய்தால் மருத்துவரின் தொலைபேசி செத்துவிடும். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு தெருவைத் தாண்டி எங்கள் கல்லாவுக்கு வந்து, "ரெண்டே ரெண்டு போன்க்கா" என்பாய். ஒருநாளும் இரண்டோடு நின்றதில்லை.

பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோரிடம்தான் பேசுவாய். கைக்குழந்தை என்றால் தாமாகவே தூக்கிக்கொண்டு வருகிறார்கள், மீசை முளைத்துவிட்டால் ஊசியை மறந்துவிடுகிறார்கள் என்பது உன் குறை. ஆனால் ஊசி என்ற சொல் உன் வாயில் கடைசியில்தான் வரும். முதலில் பரீட்சை, பிறகு அந்த அம்மாவின் முழங்கால் வலி. "கொழந்த எப்டி கீது?" என்று நீ கேட்பாய். சில சமயம் அந்தக் 'குழந்தை'யே போனை எடுத்துக் கட்டைக் குரலில் பதில் சொல்லும். சிரிப்பை அடக்க நீ படும் பாட்டைப் பார்த்துக் கடையே சிரிக்கும். ஒருமுறை உன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள், எடுத்துப் போட்ட சேலைகளை அப்படியே விட்டுவிட்டுத் தன் மகளைக் கூட்டிவர வீட்டுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் அன்று முழுக்க உன்னை முறைத்தார்.

அவருடைய கோபம் உன் மீதல்ல, ஊசி மீது. எங்கள் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. ருபெல்லா அம்மைக்கான தடுப்பூசியை இப்போதே போட்டுவிட்டால், பின்னாளில் அவள் வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் பாதுகாப்பு என்று நீ சொல்லியிருந்தாய். வீட்டில் பேச்செடுத்தேன். வேண்டாம் என்றார். மறுபடி சொன்னேன், தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். நான் உன்னிடம் வந்து, இப்படியும் ஒரு பிடிவாதமா என்று கொட்டித் தீர்த்தேன். நீ எனக்குப் பரிந்து பேசவில்லை. "அண்ணன் வாணாம்னா அதுக்கு ஏதோ ஒண்ணு கீதுக்கா. இன்னான்னு கேட்டியா?" என்றாய். நான் கேட்டதே இல்லை.

மறுநாள் மதியம் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து வந்தாய். போனைத் தொடாமல் அவருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். ஊர்க் கதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஊசின்னா உங்களுக்கு இன்னா பயம்ணே?" என்றாய். அவர் கிடந்த சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். நீ ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தாய். நான் வாயெடுக்கப் போனேன், கண்ணாலேயே அடக்கினாய்.

பிறகு அவர் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, ஊரில் அவருடைய அக்கா மாசமாக இருந்தபோது காய்ச்சல் வந்து உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டதாம். இவர்தான் சைக்கிளில் உட்காரவைத்து ஊசி போடக் கொண்டுபோயிருக்கிறார். பிறந்த பையனுக்குக் காது கேட்கவில்லை. "அந்த ஊசியாலதான் போச்சு. கூட்டிட்டுப் போனவன் நான்லா" என்றார். அத்தனை வருடம் குடும்பம் நடத்திய என்னிடம்கூட அவர் சொல்லாதது அது.

நீ அவரைத் திருத்தவில்லை. "இத்தினி வருசம் தனியா சொமந்துகினு இருந்தீங்களாண்ணே" என்றாய், அவ்வளவுதான். ஊசிக்காக வரவேண்டாம், டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேட்க மட்டும் வாருங்கள் என்று கூப்பிட்டாய். வந்தார். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். இத்தனை காலம் கழித்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் ஊசிக்கு முன்பே வந்த அந்தத் தடிப்புக் காய்ச்சல் ருபெல்லாவாக இருந்திருக்கலாம், காதைக் கெடுத்ததும் அதுவாகவே இருக்கலாம், அது வராமல் தடுக்கத்தான் இந்த ஊசி என்றார். என் வீட்டுக்காரர் நேரே கடைக்கு வந்து ஊருக்குப் போன் போட்டு அக்காவிடம் வெகுநேரம் பேசினார். வைத்தபோது முகமே வேறாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மகளை அவரே அழைத்துவந்தார். அவள் பாட்டுக்குக் கையை நீட்டிவிட்டாள். பக்கத்தில் நின்ற அவருக்குத்தான் தலை சுற்றிவிட்டது. நீ சோடா வாங்கிவந்து, "கொழந்த நல்லா கீதுண்ணே, நீங்க படுங்க" என்றாய். அதன்பிறகு மழைநாளில் நீ தெருவைத் தாண்டுவது தெரிந்தாலே, போனை உன் பக்கம் திருப்பி வைத்துவிடுவார்.

இப்போது எங்கள் மாடி வீட்டுப் பெண் தன் மகனுக்குப் பள்ளியில் போடும் ஊசி வேண்டாம் என்கிறாள். முந்தாநாள் போனேன். வாதாட எனக்கு நிறையத் தெரியும். வாதாடவில்லை. உட்கார்ந்து, என்ன பயம் என்று மட்டும் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே என்னென்னவோ சொன்னாள். நானும் சேர்ந்து உரித்தேன். சரி என்று இன்னும் சொல்லவில்லை. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறாள்.