கரையாத உருண்டைகள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லை, மனசுக்குத்தான் நிம்மதி இல்லை. நீ குட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே கிளம்புவதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டுமே என்று அடுப்பை அணைத்துவிட்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று மழுப்பிவிடுவார்.

நீ சொன்னதால்தானே முட்டைக்கோஸ் பாத்திக்கு அந்த மெதுவாகச் சத்து விடுகிற யூரியா உருண்டையைப் போட்டோம், மழையில் அடித்துக்கொண்டு போகாது, பயிருக்கு வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் என்று. கோஸ் பந்தாகத் திரளுகிற சமயத்தில் அப்பா மண்ணைக் கிளறினால் உருண்டையெல்லாம் போட்டபடியே கிடக்கிறது. "நல்லா காதுல பூ சுத்திட்டாங்க, ஒண்ணுகூட கரையல" என்று குதித்தவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாதா யூரியாவை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டார். மறுநாளே பேய்மழை. அப்புறம்தான் நான் ஒரு உருண்டையை நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், உள்ளே வெறும் தண்ணீர். சத்து எப்போதோ இறங்கிவிட்டது, மேலே பூசியிருந்த பிளாஸ்டிக் தோல்தான் மிச்சம். அந்தப் பிளாஸ்டிக் தோலும் இப்போது வாய்க்காலில் மிதந்து போகிறது, எங்கே போய்ச் சேருமோ.

சந்தேகப்பட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கொட்டின யூரியா மழையோடு மண்ணில் இறங்கி, கிணற்றில் நைட்ரேட் ஏகத்துக்கு ஏறியிருக்கிறதாம். புட்டிப்பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது, உதடெல்லாம் நீலம் பாரித்துவிடும், கொதிக்க வைத்தால் இன்னும் மோசம் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். உன் அப்பாவோ "இந்தத் தண்ணியக் குடிச்சுத்தானே அவளே வளர்ந்தா" என்று முறைத்துக்கொண்டு தினமும் என் முன்னால் ஒரு டம்ளர் குடித்துக் காட்டுகிறார். நேற்று நான் அந்தப் பக்கம் திரும்பியதும் அதைச் செடியடியில் ஊற்றியதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். அவருக்கும் பயம்தான், வாயால் சொல்ல மாட்டார். நீயும் கேட்டுவிடாதே.

தாத்தா ஆசையாகப் பால் கலக்க வருவார், புட்டியை அவர் கையில் கொடுக்காதே. என் கையிலும் கொடுக்காதே அம்மா, பிள்ளை அழுகிற அவசரத்தில் பழக்கதோஷமாக அந்தக் கிணற்றுத் தண்ணீர்க் குழாயைத்தான் திறப்பேன்.

மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். குட்டிக்கு என் முத்தம். ஸ்வெட்டர் மறந்தாலும் பரவாயில்லை, வரும்போது தண்ணீர் வாங்கிக்கொண்டு வா. பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு இப்படி எழுத வேண்டியிருக்கிறது.

உன் அம்மா